பூரானுக்குப் பகடை, மதுவுக்குச் சிரிப்பு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மாய உலகில் நஞ்சு ஐம்பது ஆண்டுகளில் பல்லிழந்துவிட்டது. மது மட்டும் இன்னும் எந்தக் கணக்கிலும் சரியாக உட்கார மறுக்கிறது.

பாழடைந்த கோட்டையின் நிலவறை. மூலையில் ஒரு மரப்பெட்டி. வீரன் மூடியைத் தூக்குகிறான். உள்ளே சுருண்டு கிடந்த ஓரடி நீளப் பூரான் விருட்டென்று பாய்ந்து கையில் கடிக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள, அந்த வீரனாக ஆடும் இளைஞர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைப்பான். விழுந்தது 7. மூன்று வாரமாக அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன், பெயர், குலம், ஊர், பழிதீர்க்க வேண்டிய பகை எல்லாவற்றோடும் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே செத்து விழுகிறான்.

எந்த மேசையிலும் நடந்திருக்கக்கூடிய காட்சி இது. கணக்கு கற்பனையல்ல. 1977-ல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் நூலின்படி ராட்சதப் பூரானுக்கு இருப்பது 2 உயிர்ப்புள்ளிகள். செருப்பால் ஓங்கி அடித்தாலே தீர்ந்துவிடும். அதன் நஞ்சு வீரியம் குறைந்தது என்பதால் கடிபட்டவருக்குப் பகடையில் 4 புள்ளி சலுகை வேறு. அத்தனை சலுகைக்குப் பிறகும் புதிதாகக் களமிறங்கும் வீரன் சாவதற்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு. சலுகை இல்லாத நஞ்சாக இருந்தால் 65.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ல் வெளிவந்த விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிகள். விலை 10 டாலர். இதில் காய்களும் கட்டமும் கட்டாயமில்லை. ஒருவர் நடத்துநராக இருந்து உலகத்தைச் சொற்களால் விரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சந்தேகமான இடங்களில் தீர்ப்புச் சொல்வது பகடை. இன்றைய கணினி விளையாட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் இதன் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த முதல் விதிநூலிலேயே நஞ்சுக்குத் தனி இடம் இருந்தது. ஆபத்துகளை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தப்ப எவ்வளவு விழ வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். ‘தப்பிக்கும் வீச்சு’ என்று இதைச் சொல்லலாம். முதல் வகையின் பெயரே ‘மரணக் கதிர் அல்லது நஞ்சு’. வானத்திலிருந்து இறங்கும் மாயக் கதிரும் சிலந்தியின் பல்லும் ஒரே வரிசையில்! வாள் வெட்டு என்றால் சில புள்ளிகள் குறையும், பிறகு குணமாகும். நஞ்சுக்கு நடுவழி கிடையாது. ஒன்று உயிர், இல்லையென்றால் பிணம்.

ஏன் இப்படி என்று அப்போதே கேட்டார்கள். 1979-ல் எழுதிய நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் பதில் சொன்னார். உயிர்ப்புள்ளி என்பது உடம்பின் சதைக் கணக்கு இல்லை. அதிர்ஷ்டம், திறமை, தெய்வ அருள் எல்லாம் சேர்ந்தது. பத்துப் புள்ளி குறைந்தது என்றால் பத்து வெட்டு விழுந்ததாகப் பொருளில்லை. நூலிழையில் தப்பித்தான் என்று பொருள். ஆனால் நஞ்சுக்கு ஒரு கீறல் போதும். கீறல் பட்டதா, படவில்லையா? பட்டால் மரணம், படாவிட்டால் ஒன்றுமில்லை. பகடை தீர்மானிப்பது அதைத்தான். பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவன் டிராகனின் நெருப்பிலிருந்து எப்படித் தப்புவான் என்று கேலி செய்தவருக்கும் அதே கையேட்டில் பதில் உண்டு. ஏன் தப்ப முடியாது? கடைசி நொடியில் பாறையில் ஒரு பிளவு கண்ணில் படலாம், சங்கிலி நழுவலாம் என்பது அவர் வாதம். வக்கீல் வாதம்தான். ஆனால் விதியை மட்டும் பார்த்து, அதற்குக் காரணக் கதையைப் பிறகு கட்டிக்கொள்ளுங்கள் என்ற அந்த அணுகுமுறையில்தான் இந்த விளையாட்டே நிற்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். நிஜ வாழ்க்கையில் நஞ்சு பயங்கரமானது. அதனால் கதையிலும் பயங்கரம். ஆனால் கதை படிப்பவர் பாத்திரம் செத்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். இங்கே பாத்திரம் செத்தால், அதுவாக இருந்த மனிதர் அன்று இரவு முழுக்க மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வாள்சண்டையில் செத்தால் பெருமையாவது மிஞ்சும். பூரான் கடித்துச் செத்ததைப் பற்றி யாரிடம் சொல்வது?

விஷக்கிண்ணமும் பூசாரியும்

இத்தனை கொடுமையான நஞ்சுக்கு மாற்று மருந்தும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது: மந்திரம். 1974 விதியிலேயே பூசாரியின் முதல் படி மந்திரங்களில் ஒன்று, கெட்டுப்போன அல்லது நஞ்சு கலந்த உணவையும் நீரையும் சுத்தமாக்குவது. பன்னிரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குச் செல்லும். நான்காம் படியில் நஞ்சை முறிக்கும் மந்திரம். ஆனால் ஏற்கெனவே செத்தவனுக்கு அது பயன்படாது என்று ஒரு குறிப்பும் இருந்தது. நஞ்சு ஏறியதும் உடனே சாவு என்றிருக்கும்போது, முறிக்கும் மந்திரத்தை எப்போது சொல்வது? விதி எழுதியவர்கள் இந்த முரண்பாட்டை உணர்ந்திருக்க வேண்டும். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ‘நஞ்சைத் தாமதப்படுத்தும்’ மந்திரம் சேர்ந்தது. நஞ்சேறிச் செத்ததாகத் தோன்றுபவனையும் குறித்த நேரத்துக்குள் கண்டுவிட்டால் அது இழுத்துப் பிடித்து வைக்கும். நஞ்சு போகாது, நின்றிருக்கும். புள்ளி புள்ளியாக உயிர் கசிந்துகொண்டிருக்கும். அதற்குள் பெரிய பூசாரி ஒருவரைத் தேடி ஓட வேண்டும்.

ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய கதை தெரிந்த இந்திய வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. நஞ்சை அழிப்பதைவிட நிறுத்தி வைப்பதில்தான் கதை இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் இந்த விளையாட்டு நஞ்சுக்கு எழுதிய விதிகளில் மிக நல்லது இதுதான் என்று தோன்றுகிறது. ஓட ஒரு தூரமும் கணக்கிட ஒரு நேரமும் கொடுத்தது இது ஒன்றே.

மந்திரம் மலிவானதும் எதிர்ப்பக்கத்தில் ஒரு தொல்லை முளைத்தது. அரண்மனை விருந்தில் அரசனுக்கு விஷம் வைப்பது உலகக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுச் சொத்து. இந்த உலகில் அதை எப்படி நடத்துவது? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் உணவைச் சுத்தமாக்கும் மந்திரத்தைச் சடங்காகவும் செய்யலாம். பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பூசாரியின் மந்திரச் சக்தி துளியும் செலவாகாது. ஐந்தடி சுற்றளவுக்குள் உள்ள பண்டம், பானம் எல்லாம் சுத்தம். நஞ்சைக் கண்டுபிடிக்கும் மந்திரமும் அப்படியே. முப்பது அடி தூரத்துக்கு மோப்பம் பிடிக்கும். புதிதாகப் பட்டம் பெற்ற ஒரு சின்னப் பூசாரியைச் சாப்பாட்டு அறையில் நிறுத்திவிட்டால், எந்த அரசனும் விஷக்கிண்ணத்தால் சாக மாட்டான். சோறு கொஞ்சம் ஆறிப்போகும், அவ்வளவுதான்.

ஆகவே கொலைகாரர்கள் விதிநூலைப் பூசாரியைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மோப்ப மந்திரத்தை மெல்லிய ஈயத் தகடு தடுத்துவிடும். ஆக, நஞ்சுக் குப்பி ஈயப் பேழையில் வர வேண்டும். சுத்தமாக்கும் மந்திரம் மாயமற்ற உணவையும் பானத்தையும் மட்டுமே தொடும் என்கிறது விதி. அப்படியானால் மாயத்தாலேயே காய்ச்சிய நஞ்சு தப்பிவிடும். அதற்கும் ஒரு குப்பி உண்டு: காயம் ஆற்றும் கஷாயம் போலவே தோற்றம், மணம், சுவை எல்லாம் காட்டும் விஷக் கஷாயம். ‘நள்ளிரவுக் கண்ணீர்’ என்று இன்னொன்று. குடித்தவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போதுதான் வேலையைக் காட்டும். நஞ்சு வைத்தவன் அதற்குள் அடுத்த ஊர் சத்திரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துத் தூங்கப் போயிருப்பான். பூசாரி விருந்துக்கு முன் சுத்தம் செய்தாரா, பின்னால் வந்த பழத்தட்டைச் செய்தாரா? பரிமாறியவன் யார்? துப்பறியும் கதைக்கு இங்கேதான் கொஞ்சம் காற்று வருகிறது.

விஷம் தர்மமா?

ஆட்டக்காரர்களே நஞ்சைக் கையில் எடுத்தால்? அங்கேதான் விதி எழுதியவர்களுக்கு உதறல். எதிரியை ஒரே கீறலில் கொல்லலாம் என்றால் வாள் எதற்கு, மந்திரம் எதற்கு? 1975-ல் கூலிக்கொலையாளி என்று ஒரு தொழிலை உருவாக்கி, நஞ்சு வித்தையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பாலடின் எனப்படும் தர்ம வீரர்களுக்கு நஞ்சு ஆகாது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர்களுடைய ஒழுக்க நெறியிலேயே பொய், சூது ஆகியவற்றோடு நஞ்சையும் சேர்த்து விலக்கினார்கள்.

இடையில் வெளியுலகமும் கதவைத் தட்டியது. 1980-களின் முதல் பாதியில், இந்த விளையாட்டு இளைஞர்களைத் தற்கொலைக்கும் சாத்தான் வழிபாட்டுக்கும் தள்ளுகிறது என்று அமெரிக்காவில் பெரும் கூச்சல் எழுந்தது. பெற்றோர் அமைப்பு தோன்றியது, தொலைக்காட்சி விவாதம் நடந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதுவும் நிலைக்கவில்லை. ஆனால் 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது கூலிக்கொலையாளி காணாமல் போயிருந்தார்; பேய்களுக்கும் பிசாசுகளுக்கும் பின்னர் வாயில் நுழையாத வேறு பெயர்கள் வந்தன. நஞ்சு மட்டும் ஏ முதல் பி வரை பதினாறு ரகமாகப் பிரிந்து, எது எத்தனை நேரத்தில் ஏறும் என்ற அட்டவணையோடு கௌரவமாக உட்கார்ந்திருந்தது.

ஒழுக்க விசாரணையின் உச்சம் 2003-ல். நல்லவர்களுக்கென்றே ‘புக் ஆஃப் எக்சால்டட் டீட்ஸ்’ என்று ஒரு நூல் வந்தது. நஞ்சு தேவையற்ற வேதனை தருகிறது, ஆகவே அது தீமை என்று வாதிட்டது. வாளால் வயிற்றைக் கிழிப்பது என்ன ஒத்தடமா என்று யாரும் கேட்பதற்குள், அதே நூல் அடுத்த அடியை எடுத்து வைத்தது. தீயவர்களை மட்டுமே பாதிக்கும் ‘நல்ல நஞ்சு’களின் பட்டியலை வெளியிட்டது! தாக்கினால் நஞ்சு செய்யும் அதே வேலை. பெயர் மட்டும் வேறு. ஆட்டக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பது இன்னும் நிற்கவில்லை.

பல் பிடுங்கிய பாம்பு

விதிகள் மெல்ல மெல்ல இளகின. மூன்றாம் பதிப்பில் உடனடி மரணம் போய்விட்டது. நஞ்சு உடல் வலிமையையோ சுறுசுறுப்பையோ அரித்தது. பட்டவுடன் ஒரு வீச்சு, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு வீச்சு. கத்தியில் நஞ்சு தடவும்போது இருபதில் ஒரு வாய்ப்பு, தடவியவர் மேலேயே பட்டுவிடும். தொட்டாலே கொல்லும் கருந்தாமரைச் சாறு ஒரு தடவைக்கு 4,500 பொற்காசு. விலை கேட்டாலே பாதி உயிர் போகும்.

ஐந்தாம் பதிப்பில் நஞ்சேறியவர் என்பது ஒரு ‘நிலை’. கை நடுங்கும், எதைச் செய்தாலும் பகடையை இருமுறை உருட்டி, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண நஞ்சுக் குப்பியின் விலை 100 பொற்காசு. கத்தியில் தடவிக் குத்தினால், எதிரி தாங்கும் வீச்சில் தோற்றால், கூடுதலாக ஒன்று முதல் நான்கு புள்ளி வரை போகும். அதே கடையில் ஒரு குத்துவாளின் விலை 2 பொற்காசு. அது தருகிற காயமும் ஒன்று முதல் நான்கு புள்ளிதான். ஐம்பது குத்துவாள் வாங்கும் பணத்தைக் கொட்டி, ஒரு குத்துவாளின் வேலையை வாங்குகிறார்கள்! எலும்புக்கூடு, பிரேதம், பிசாசு வகையறாவில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு ஏறவே ஏறாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பட்டியலில் அந்தக் குப்பி ஏன் இருக்கிறது என்றே புரியாது.

நல்லதற்கா, கெட்டதற்கா? பூரான் கடியில் ஆளை இழந்தவர் நல்லதென்பார். ஆனால் பழைய ஆட்டக்காரர்களின் குறையிலும் நியாயம் இருக்கிறது. அன்று ஒரு சிலந்தி வலையைக் கண்டால் குழுவே நின்று, பத்தடி நீளக் கம்பால் நெருடிப் பார்த்து, வேறு வழி உண்டா என்று யோசித்தது. இன்று நேராக நடந்து போய் வெட்டுகிறார்கள். பயம் இருந்தவரை புத்தி வேலை செய்தது.

ஒரு குவளை, ஒரு கேள்வி

நஞ்சைப் பற்றி இத்தனை மண்டையுடைப்பு. மதுவைப் பற்றி? வினோதம் என்னவென்றால், இந்த உலகில் எல்லாக் கதையும் மதுக்கடையில்தான் தொடங்குகிறது. சாகசக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது, முக்காடு போட்ட மனிதர் மூலையில் உட்கார்ந்து வேலை தருவது, ரகசிய வரைபடம் கைமாறுவது எல்லாம் அங்கேயே. குள்ளர் இனம் என்றால் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கும் என்பது எழுதாத சட்டம். ஆனால் குடித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

தொடக்கத்தில் அப்படியில்லை. கைகாக்ஸின் 1979 கையேட்டில் போதைக்கென ஒரு சிறு அட்டவணை உண்டு. லேசான போதை, நடுத்தரம், தலைக்கேறியது என்று மூன்று படி. ஏற ஏற அறிவும் விவேகமும் கீழே இறங்கும், கை தடுமாறும், ஆனால் துணிச்சல் கூடும், அடி தாங்கும் சக்தியும் ஓரிரு புள்ளி கூடும். குடித்தவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறானோ அதையும், மற்றவர்கள் என்ன பார்க்கிறார்களோ அதையும் ஒரே அட்டவணையில் அடக்கியிருந்தார். நாலைந்து வரிதான். ஆனால் குடியைப் பார்த்தவர் எழுதியது என்று தெரியும்.

பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். ஜாக்கி சானின் 1978 படத்தால் உலகப் புகழ் பெற்ற ‘குடிகார குஸ்தி’ 2000-களின் தொடக்கத்தில் இந்த விளையாட்டுக்குள் நுழைந்தது. சண்டைக்கு நடுவே ஒரு புட்டியைக் கவிழ்த்தால் விவேகமும் அறிவும் 2 புள்ளி குறையும். பதிலுக்கு வலிமையோ உடல் உறுதியோ 2 புள்ளி கூடும். 2017-ல் அதே வித்தை திரும்ப வந்தபோது குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குடிகாரன் மாதிரி தள்ளாடினால் போதும்! விதிநூலுக்கு மதுவிலக்கு வந்துவிட்டது. பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டு 2010-ல் கணக்கை ஒரே சூத்திரமாகச் சுருக்கியது: உடல் உறுதியால் பகடையில் கிடைக்கும் கூட்டல் எண்ணை இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டினால் எத்தனை குவளை தாங்கும் என்று தெரியும், அதற்கு மேல் ஒவ்வொரு குவளைக்கும் ஒரு மணி நேரம் குமட்டல். பிரிட்டனில் பிறந்த வார்ஹாமர் விளையாட்டு இன்னும் குறும்பானது. அதில் ‘மது அருந்துதல்’ வாள்வீச்சைப் போலவே பயிற்சியால் வளரும் ஒரு திறமை. அளவு மீறினால் பகடை உருட்டி என்ன குடிகாரன் ஆனோம் என்று பார்க்க வேண்டும். பரம எதிரியைக் கட்டிப்பிடித்து நண்பா என்பவனா, ஊரையே சண்டைக்கு இழுப்பவனா, மறுநாள் காலை எங்கோ விழித்து எப்படி வந்தோம் என்று விழிப்பவனா? எந்த ஊர்க் கடைவீதியிலும் பார்க்கக்கூடிய ஆசாமிகள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. மது நஞ்சா, இல்லையா?

கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். விளைவுகள் சாதாரணமல்ல. நஞ்சு என்றால், நஞ்சை எதிர்க்கும் இயல்பு கொண்ட குள்ளருக்குப் போதை சுலபத்தில் ஏறாது. அவர்களுடைய குடிப் புகழுக்கு அதுவே காரணம் என்றும் சொல்லிவிடலாம். நஞ்சே ஏறாத உடம்பு பெறும் துறவி பீப்பாயையே காலி செய்தாலும் தெளிவாகத் திருக்கோயில் விதிகளை ஒப்பிப்பார். பூசாரி சுத்தமாக்கும் மந்திரம் சொன்னால் விருந்தில் உள்ள திராட்சை மது அத்தனையும் சாறாகிவிடும். விருந்தினர்கள் பூசாரியைச் சும்மா விடுவார்களா? மதுக்கடை வாசலில் நின்று நஞ்சைக் கண்டுபிடிக்கும் மந்திரம் சொன்னால் எல்லாப் பீப்பாயும் நஞ்சு என்றே காட்டும். நஞ்சு இல்லை என்றாலோ, நஞ்சை முறிக்கும் மந்திரத்தால் நண்பனின் போதையைத் தெளியவைக்க முடியாது. ஓர்க்குகள் கதவை உடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் பாட்டுக்குக் குறட்டை விடுவான். விதிநூல்கள் பல காலம் மௌனம் காத்தன. தீர்ப்பு அந்தந்த மேசை நடத்துநரின் மனம் போல.

வள்ளுவருக்கு இதில் சந்தேகம் இருந்ததில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கள்ளையும் நஞ்சையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். விளையாட்டு அந்த இடத்துக்கு வர நாளானது. 2020-ல் வெளிவந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் நடத்துநர் வழிகாட்டியில் மதுவுக்கு ‘நஞ்சு’ என்ற முத்திரையே குத்தப்பட்டது. முதல் கட்டத்தில் பயத்தை எதிர்க்கக் கொஞ்சம் தைரியம். அதோடு சேர்ந்து மன உறுதியில் சரிவு. பிறகு கட்டம் கட்டமாகத் தடுமாற்றம், மந்தம். நஞ்சுக்கு எதிரான எதுவும் அங்கே மதுவுக்கும் எதிர்தான்.

உடலியலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. எத்தனாலைக் கல்லீரல் உணவாக வரவேற்பதில்லை. ஒரு நொதியால் அசிட்டால்டிஹைடாகவும், இன்னொன்றால் அசிட்டிக் அமிலமாகவும் மாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. நடுவில் வரும் அசிட்டால்டிஹைடுதான் முதல் பொருளைவிடக் கெட்டது. அளவும் வேகமும்தான் போதைக்கும் நஞ்சுக்கும் இடையிலான கோட்டைப் போடுகின்றன.

ஆனால் நிஜ உலகம் எந்த விதிநூலையும்விடச் சிக்கலானது. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் உடலுக்குள் அதே நொதியால் ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைத் தின்று, பிறகு ஆளைத் தின்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் இப்படித்தான் போயின. மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவர்கள் தரும் மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது சாதாரண மதுச் சாரம்! நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே விரும்பிப் பற்றிக்கொள்ளும். அது அதில் மும்முரமாக இருக்கும்போது மெத்தனால் மாறாமல் காத்திருந்து, மெல்ல வெளியேறுகிறது. நஞ்சு போகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 1978-ல் பூசாரிக்குக் கொடுத்த மந்திரம் போலவே, இதுவும் நேரம் வாங்கித் தரும் வித்தை. ஒரு மது நஞ்சாகவும் இன்னொரு மது அதன் மருந்தாகவும் இருப்பது ஆச்சரியம்தான்.

விதியாக்கத் தயங்குவது இன்னொன்றும் உண்டு: அடிமைத்தனம். பாத்ஃபைண்டர் 2010-ல் முயன்று பார்த்தது. போதைப் பழக்கத்தை நோயாக வகைப்படுத்தி, லேசானது முதல் கடுமையானது வரை படி வைத்தது. நோய் என்று சொன்னபின், நோய் தீர்க்கும் மந்திரம் இருக்கும் உலகில் அதன் ஆயுள் எவ்வளவு? மனைவி நகையும் மகனின் படிப்புப் பணமும் கரைவதற்குப் பூசாரி விடமாட்டார். வாள்காயம் மறுநாள் ஆறுவதை ஆட்டக்காரர் கண்டுகொள்வதில்லை. குடிநோய் மறுநாள் ஆறினால் மட்டும் ஏதோ உறுத்துகிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தால் அதில் ஒருவர் வீட்டிலாவது அந்தக் கதை இருக்கலாம் என்பதே காரணம். மதுக்கடைக் காட்சியில் எல்லோரும் குடிகாரன் குரலில் பேசிச் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு மந்திரத்தில் அல்ல, மேசையிலேயே வழி தேடினார்கள். எவற்றைக் கதைக்குள் கொண்டுவரவே கூடாது, எவற்றைத் திரைக்குப் பின்னால் நகர்த்திவிடலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு எழுத்தாளர் 2003-ல் எழுதினார். அதற்குப் பத்தாண்டு கழித்து ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் எளிய ஓர் அட்டையை அறிமுகப்படுத்தினார். அதில் பெருக்கல் குறி மாதிரி ஒரு எழுத்து மட்டும். மேசை நடுவில் கிடக்கும். யாருக்காவது காட்சி தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும்; ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நடத்துநர் மதுக்கடையை மூடிவிட்டு, கதையைச் சாலைக்குக் கொண்டுபோவார். முதலில் இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இப்போது பல மேசைகளில் பகடைப் பையோடு அட்டையும் வருகிறது.

விதிநூல்களோ தம் வழியில் தொடர்கின்றன. ஐம்பதாம் ஆண்டையொட்டி 2024-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேடு திருத்தி எழுதப்பட்டது. அதில் நஞ்சே ஏறாத துறவியின் பழைய வரம் போய்விட்டது. இப்போது அவருக்கும் நஞ்சு ஏறும். ஆனால் தன் முறை முடியும்போது விரும்பினால் அதை உதறிவிடலாம். ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. மதுவை நஞ்சுக் கணக்கில் சேர்க்கும் நடத்துநரின் மேசையில், அந்தத் துறவி குடிக்கும் ஒவ்வொரு குவளைக்கும் போதை ஆறு விநாடிக்கு மேல் நிற்பதில்லை. கடைக்காரருக்குப் பணம் மட்டும் முழுசாகத் தர வேண்டும்.